மூன்றாவது ஸ்லைடு

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகளில் பதினேழு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் இன்னும் கரும்பு கடித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொன்னேன். சத்துணவுக்கு முட்டை குறைந்து வந்ததற்குப் போனில் ஒரு சண்டை.

மதியம் நல்ல செய்தி. கோயம்புத்தூர் அறக்கட்டளைக்கு அனுப்பிய விண்ணப்பம் முதல் சுற்றில் தேறிவிட்டது. எட்டுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிப்ரவரி 15 அன்று தலைமையாசிரியை என்ற முறையில் நான் ஆன்லைனில் ஸ்லைடு போட்டுப் பன்னிரண்டு நிமிடம் பேச வேண்டும். பிறகு கேள்வி கேட்பார்கள். ஜெயித்தால் பள்ளிக்கு எது தேவையோ அதைத் தருவார்கள். நாங்கள் கேட்டிருப்பது மூன்று வருடத்துக்கு ஒரு ஆசிரியை.

ஒரு ஆசிரியை என்றால் கோகிலவாணிதான். பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்திருக்கும் தற்காலிக ஆசிரியை. ஏப்ரலுக்கு மேல் கழகத்தால் முடியாது என்று தலைவர் கையை விரித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "நெசமாலுமாங் டீச்சர்?" என்று மூன்று தடவை கேட்டாள். வயது முப்பத்தெட்டு, ஒன்பதாவது படிக்கிற மகள் வேறு. சின்னப் பிள்ளை மாதிரி குதிக்கிறாள்.

ஜனவரி 20, சனி

என்ன பேசுவது என்று தாளில் எழுதிப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் புத்தகம் இல்லாத வீடு உண்டு. அழைப்புப் பத்திரிகைக் கட்டு இல்லாத வீடு கிடையாது. கல்யாணம், காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் என்று எல்லாம் அலமாரி மேலே கிடக்கும். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று ஏறி வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளை அதைக் கொண்டுவரச் சொன்னாள் கோகிலவாணி. "உங்க மாமன் பேரு இதுல எங்கிருக்குது, தேடு பாக்கலாம்." இவ்வளவுதான் பாடம். பாடப்புத்தகத்து ஆள்கள் பிள்ளைகளுக்கு யாரோ; பத்திரிகையில் இருப்பதெல்லாம் சொந்தக்காரர்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யார் பெயர் விட்டுப்போச்சு என்று அடித்துக்கொண்டு படித்தார்கள். விட்டுப்போன பெயரைப் பென்சிலில் எழுதிச் சேர்ப்பது வீட்டுப்பாடம். படிக்கத் தெரியாமல் இருந்த இருபத்தாறு பேரில் இருபத்தொரு பேர் இன்றைக்கு நிற்காமல் படிக்கிறார்கள்.

பெயர் விட்டுப்போவது என்றால் என்னவென்று என்னைக் கேட்டால் தெரியும். தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் என் பெயர் இல்லை. "அச்சுல உட்டுப்போச்சுக்கா" என்றான். மூன்று வருடம் ஆகிறது. இன்றுவரை அந்த வீட்டு வாசல்படியை நான் மிதிக்கவில்லை.

ஜனவரி 24, புதன்

கோகிலவாணி தன் வீட்டுக்காரருடைய பழைய லேப்டாப்பில் இருபத்திரண்டு ஸ்லைடு செய்துகொண்டு வந்தாள். பிள்ளைகள், கயிற்றில் தொங்கும் பத்திரிகைகள், எண்ணிக்கை எல்லாம் இருந்தன. அவள் மட்டும் எதிலும் இல்லை. "மூணாவது ஸ்லைடுல உன்ற போட்டோவப் போடு கண்ணு. இதைத் தொடங்கியவர் கோகிலவாணின்னு பெருசா எழுது" என்றேன்.

"எனக்கெதுக்குங் டீச்சர்."

"போடுன்னா போடு."

போட்டாள். எனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நானே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

சென்னையிலிருந்து மகள் அபிராமி பேசினாள். அவள் கம்பெனியில் வாரத்துக்கு நாலு தடவை இப்படிப் பேசுகிறாளாம். ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"இருவத்திரெண்டு ஸ்லைடா? யாரும்மா முழிச்சிருப்பாங்க? பத்துக்குள்ள கொண்டு வா. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம், நாலு வரிக்கு மேல வேண்டாம். அதப் பாத்துப் படிக்காத. கேமராவப் பாத்துப் பேசு, உன்ற மூஞ்சியவே பாத்துட்டு இருக்காத. வெளிச்சம் முன்னாடி இருந்து வரணும். லேப்டாப்ப நாலு நோட்டு மேல தூக்கி வை, இல்லீன்னா உன்ற மூக்கு ஓட்டைதான் தெரியும்."

கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். "அந்த டீச்சரையும் ரெண்டு நிமிஷம் பேச வைம்மா. செஞ்சவங்களே சொன்னா அது தனிதான்."

பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 1, வியாழன்

முதல் ஒத்திகை. பள்ளி விட்டபின் நான்காம் வகுப்பில். கோகிலவாணி போனில் நேரம் பார்த்தாள். பத்தொன்பது நிமிடம்! நான் ஊர்க்கதை பேசுகிறேன் என்று அவளுக்குச் சிரிப்பு. அடக்கிக்கொண்டாள், நான் பார்த்துவிட்டேன்.

ஆனால் நன்றாக இருந்தது. முப்பத்தொரு வருட சர்வீஸில் என்னை யாரும் நாலு பேர் முன்னால் பேசக் கூப்பிட்டதில்லை. குடியரசு தினத்துக்குக்கூட வார்டு மெம்பர்தான் பேசுவார், உடனே பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து முடித்துவிடுவோம். அடுத்த வருடம் மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன்.

பிப்ரவரி 3, சனி

கோபி பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வேலாங்காட்டுப்புதூர் பள்ளிக்கூடத்தில் வேலை என்று சொன்னேன். "அட, கோகிலா டீச்சர் ஸ்கூலுங்களா! எங்க நாத்தனா மகன் அங்கதானுங் படிக்கறான். நீங்களும் அங்கதான் டீச்சருங்களா?" என்றாள்.

ஆமாம் என்று சிரித்தேன். கத்தரிக்காய் அநியாய விலை.

பிப்ரவரி 5, திங்கள்

ஸ்லைடுகளைக் குறைத்தேன். அபிராமி சொன்னதுதான் சரி, கூட்டம் போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. பள்ளி முகப்பு, சமையல்கூடம், சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் எடுத்தேன். மூன்றாவது ஸ்லைடையும் எடுத்தேன். நேரம் போதவில்லை. வேறு வழியில்லை.

ஒன்பது ஸ்லைடு. கச்சிதம்.

பிப்ரவரி 9, வெள்ளி

இரண்டாவது ஒத்திகை. பதின்மூன்று நிமிடம். ஸ்லைடு மாற்றுவது கோகிலவாணி. மேசைக்குப் பக்கவாட்டில் கேமராவில் விழாதபடி அவளுக்கு நாற்காலி. எண்ணிக்கை மறந்துவிட்டால் எனக்கு எடுத்துக்கொடுக்கப் பழைய பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிக் காட்டுவாள். அது அவள் யோசனைதான்.

ஆரம்பிக்கும் முன் கோப்பைத் திறந்து ஒரு தடவை முழுக்கத் தள்ளிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தள்ளினாள்.

"இப்ப ஒம்பதுங்களா டீச்சர்?"

"ஆமா கண்ணு. நேரம் பத்தல."

"சரிங்."

அப்புறம் வழக்கம்போலத்தான் இருந்தாள். எனக்கு இஞ்சி டீகூடப் போட்டுக் கொடுத்தாள்.

பிப்ரவரி 14, புதன்

மாம்பழ நிறப் பட்டு. தொண்டைக்கு மிளகுக் கஷாயம். நாளைக்கு பெல் அடிக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 15, வியாழன்

முடிந்தது. நன்றாகவே முடிந்தது.

பதினொன்றரைக்கு எங்கள் முறை. பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பியாயிற்று. ஜன்னல் வெளிச்சம் நேராக என் முகத்தில். லேப்டாப் ஆறு கணக்கு நோட்டுகள் மேல். திரையில் மூன்று பேர்: கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், இரண்டு ஆண்கள். "வணக்கம், சாந்தாமணி மேடம்" என்று அந்த அம்மாள் சொன்னதும் பயம் போய்விட்டது.

பேசினேன். கேமராவைப் பார்த்தேதான் பேசினேன். பத்திரிகையில் தன் பெயரை முதன்முதலாகத் தானே படித்த கனிஷ்கா அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிய கதையைச் சொன்னபோது அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடுவில் எண்ணிக்கை மறந்தது. பக்கத்தில் அட்டை எழுந்தது: 26இல் 21. தடுமாறாமல் சொன்னேன்.

அப்புறம் கேள்விகள். வராத பிள்ளைகளை என்ன செய்வீர்கள்? அட்டை எழுந்தது, சொன்னேன். இங்கிலீஷுக்கு இது சரிப்படுமா? அட்டை எழுந்தது, சொன்னேன். கடைசிக் கேள்வியை அந்த அம்மாள் கேட்டார். "ரொம்ப அழகான முறை, மேடம். இது யாரோட யோசனை? அவங்க நாளைக்கு இல்லைன்னாலும் இது உங்க பள்ளியில நடக்குமா?"

அட்டை வரவில்லை. பேனா தீர்ந்துவிட்டதோ என்னவோ.

"எங்க ஸ்கூல்ல எல்லாரும் சேர்ந்துதான் மேடம் பண்றோம். யார் இருந்தாலும் இல்லைன்னாலும் இது நடக்கும்" என்றேன். மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

நான் என்று சொல்லவில்லை. எல்லாரும் என்றுதான் சொன்னேன். பெரியவர்கள் பேசுகிற விதம் அதுதானே.

பிப்ரவரி 16, வெள்ளி

கோகிலவாணிக்குத் தலைவலி என்று லீவு. ஒன்றரை வருடத்தில் முதல் லீவு. அவள் வகுப்பையும் நானே பார்த்தேன். நாற்பது பத்திரிகை கயிற்றில் தொங்குகிறது, எதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. கணக்குப் போடச் சொன்னேன்.

மார்ச் 5, செவ்வாய்

ஜெயித்துவிட்டோம். எட்டில் முதல் பள்ளி.

மின்னஞ்சலை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். "இக்கற்பித்தல் முறை ஒருவரைச் சார்ந்திராமல் முழுப் பள்ளியின் வழக்கமாகிவிட்டதைத் தலைமையாசிரியர் வாயிலாக அறிந்து மகிழ்ந்தோம். ஆகவே கூடுதல் ஆசிரியருக்குப் பதிலாக, இம்முறையை மேலும் வளர்க்க உதவும் பெரிய திரையுடன் கூடிய ஸ்மார்ட் வகுப்பறையை வழங்க முடிவு செய்துள்ளோம்."

கோகிலவாணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து, "கெடச்சிருச்சுங்களா டீச்சர்?" என்றாள்.

கிடைத்துவிட்டது என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன கிடைத்தது என்பதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 6, புதன்

சொல்லிவிட்டேன். மின்னஞ்சலை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

மெதுவாகப் படித்தாள். "பெரிய திரைங்களா. பசங்களுக்கு நல்லதுங் டீச்சர்" என்றாள். பிறகு வகுப்புக்குப் போனாள். அவள் குரல் சுவர் தாண்டிக் கேட்டது: "உங்க பெரிம்மா பேரு எங்க, காட்டு." அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மார்ச் 7, வியாழன்

அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். தற்போது எங்களுக்குத் திரையைவிட ஆசிரியைதான் முக்கியம் என்றேன். போனை எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "மேடம், குழு அதைத்தான் தெளிவா கேட்டாங்க. யார் இல்லைன்னாலும் நடக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. பதிவு இருக்கு, வேணும்னா அனுப்பறேன்."

அனுப்பினாள்.

மார்ச் 10, ஞாயிறு

மூன்று நாளாகத் திறக்காமல் வைத்திருந்த பதிவை இன்று பார்த்தேன்.

நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மாம்பழப் பட்டு, நிமிர்ந்த முதுகு, சிரிப்பு. நான் பேச்சை முடித்த இடத்தில் திரையின் மூலையில் நேரம் தெரிகிறது: பதினொரு நிமிடம் இருபது நொடி. நாற்பது நொடி மீதி. "இதைத் தொடங்கியவர் கோகிலவாணி" என்று சொல்லிப் பார்த்தேன். போனில் நேரம் வைத்தே சொன்னேன். மூன்று நொடி.

கேமராவில் விழாதபடி உட்காரவைத்தோம் என்று நினைத்தேன். அவள் வலது கை மட்டும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. அட்டையைத் தூக்குகிறது, இறக்குகிறது, அடுத்ததில் எழுதுகிறது. "இது யாரோட யோசனை?" என்று அந்த அம்மாள் கேட்டதும் அந்தக் கை பேனாவை மூடி மேசைமேல் வைக்கிறது. நான் பதில் சொல்லும்வரை அசையாமல் இருக்கிறது. பேனா தீரவில்லை.

எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். மூன்றாவது ஸ்லைடை நான் நேரத்துக்காக எடுக்கவில்லை. அந்தப் பஸ்காரிக்காக எடுத்தேன். முப்பத்தொரு வருடம் நான் கட்டிக்காத்த பள்ளிக்கூடத்தை நேற்று வந்தவள் பெயரில் சொல்லிவிட்டாளே என்று எரிச்சல். ஒரே ஒரு நாள், பன்னிரண்டே நிமிடம், அது என் பள்ளிக்கூடமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஆசையில் அவள் சோற்றைத் தட்டிவிட்டேன்.

மார்ச் 11, திங்கள்

அறக்கட்டளைக்கு முழு உண்மையையும் எழுதி அனுப்பினேன். யோசனை அவளுடையது, வேலை அவளுடையது, அவளில்லாமல் நடக்காது, நான் சொன்னது பொய்.

மார்ச் 19, செவ்வாய்

இரண்டு வரிப் பதில். குழுவின் முடிவு இறுதியானது. தங்கள் பெருந்தன்மையைப் பாராட்டுகிறோம்.

பெருந்தன்மையாம்.

ஏப்ரல் 5, வெள்ளி

கோகிலவாணிக்குக் கடைசி நாள். பிள்ளைகள் அழுதார்கள். நான் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். பத்திரிகைக் கட்டுகளை எல்லாம் பிரித்து, எது யாருக்கு என்று ஒவ்வொரு கட்டுக்கும் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

மே 12, ஞாயிறு

மனது கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். கோபியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை அரை நாள். வெயிலில் வந்திருக்கிறேன் என்று மோர் கொடுத்தாள். மகளைக் கூப்பிட்டு, "எங்க பெரிய டீச்சரு" என்று அறிமுகப்படுத்தினாள்.

மன்னிப்பு கேட்கத்தான் போனேன். "கோகிலா, அன்னிக்கு நா..." என்று ஆரம்பித்ததும் தடுத்துவிட்டாள்.

"உடுங்க டீச்சர். நீங்க எல்லாரும்னுதானுங்களே சொன்னீங்க. அந்த எல்லாருல நானுந்தான இருக்கறன்."

அதைக் குத்தலாகச் சொன்னாளா, சமாதானமாகச் சொன்னாளா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். குத்தலாகச் சொல்லியிருந்தால் நல்லது. வரும் வழியில் தம்பி வீட்டு முன்னால் பஸ் நின்றது. இறங்கவில்லை, ஆனால் தலையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

ஜூன் 12, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். பத்திரிகை வகுப்பை நானே எடுக்கிறேன். அவள் எழுதி வைத்த சீட்டுகளைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். ஆனால் பிள்ளைகள் அத்தை, சித்தப்பா என்று கத்துவதில்லை. என்னைப் பார்த்தால் கை கட்டிக்கொண்டு அமைதியாகப் படிக்கிறார்கள். அப்படிப் பயப்பட நான்தான் பழக்கியிருக்கிறேன்.

ஜூன் 26, புதன்

திரை வந்துவிட்டது. சுவர் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. திறப்பு விழா ஜூலை 8. அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுத்தாயிற்று. பெயர்களை அறக்கட்டளையும் வார்டு மெம்பரும் சொன்னபடி போட்டிருக்கிறார்கள். சரிபார்க்க எனக்கு அனுப்பியிருந்தார்கள். "ஓகே" என்று பதில் போட்டேன்.

ஜூலை 4, வியாழன்

காலையில் அழைப்பிதழ் கட்டு வந்தது. வழவழப்பான அட்டை, தங்க எழுத்து. பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அவர்கள் கையில் ஒரு பத்திரிகை கிடைத்தால் என்ன செய்வார்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் வகுப்பே சந்தைக்கடையாகிவிட்டது. ஏப்ரலுக்கப்புறம் அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. வார்டு மெம்பர் பெயரை ஒருத்தன் கண்டுபிடித்தான். என் பெயரைப் பத்துப் பேர் கண்டுபிடித்தார்கள்; எனக்குத் தங்க எழுத்து. கனிஷ்கா மட்டும் விரல் வைத்து மேலிருந்து கீழே போனாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள். பிறகு அட்டையோடு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"பெரிய டீச்சர், கோகிலா டீச்சர் பேரக் காணோமுங். அச்சுல உட்டுப்போச்சுங்களா?"

என் தம்பி சொன்ன அதே பதிலை அவளே எனக்கு எடுத்துக் கொடுக்கிறாள். ஆமாம் என்றால் முடிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல கண்ணு. நாந்தா உட்டுட்டன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

அவளுக்கு அது புரியவில்லை. பெயர் தெரிந்தும் ஒருவர் ஏன் விடுவார் என்று என்னையே பார்த்தாள். அப்புறம் அவர்கள் வழக்கப்படி செய்ய வேண்டியதைச் செய்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"எங்க எழுதட்டுங்?"

என் பெயருக்கு மேலே காட்டினேன். அங்கே இடம் குறைவு. எழுத்தைச் சின்னதாக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் ஆளுக்கொரு பென்சிலை எடுத்துவிட்டார்கள். நாற்பது அட்டையும் இன்று அப்படித்தான் வீடுகளுக்குப் போயிருக்கிறது. ஒன்றை நான் இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

கனிஷ்கா கடைசி எழுத்தில் மட்டும் ஒரு கணம் நின்றாள். 'ணி'க்கு எத்தனை சுழி என்று என்னிடம் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை, தானாகவே போட்டு முடித்தாள். அவளுக்கு அது தெரியும். சொல்லிக்கொடுத்தது நானில்லை.